தூக்கி வந்தவன் பெயர்

“இந்த மனுசன் பொய் சொல்லலீங்க சாமி. ‘நான் சொன்னது பொய்’னு ஊருக்கு முன்னால சொன்னாரு பாருங்க, அதுதானுங்க பொய்.”

எருமப்பட்டியிலிருந்து வந்திருந்த குப்பாயி இப்படித்தான் தொடங்கினாள். 1928ஆம் வருஷம், பங்குனி மாத வெயில். அவள் இடுப்பில் மகள் வயிற்றுப் பேரன். அவள் புருஷன் சடையன் வாசற்படிக்கு வெளியே, யார் சொன்னாலும் நிழலுக்குக்கூட வரமாட்டேன் என்பதுபோல வெயிலில் நின்றான்.

வீடு நிஜாமுதீனுடையது. சேலம் கோர்ட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி சொன்ன சொல் ஒன்று, காகிதத்தில் ஏறிய சொல் வேறு; இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துபோனதைப் பொறுக்கி எடுப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்று ஊரில் பேச்சு. முன்ஷி என்றால் அவர்தான். பக்கத்தில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் கந்தவேல், மனு எழுதிப் பிழைப்பவர், ஆத்தூர்க்காரர். நாற்பது வயதாகியும் முடிவுக்கு முந்திக்கொண்டு ஓடுகிறவர்.

“உள்ளே வந்து உட்காருங்கள், சடையன்.”

“இங்கயே நிக்கறனுங்க சாமி.”

குழந்தை சிணுங்கியது. “அழுவாத சாமி, ஊட்டுக்குப் போயிரலாம்” என்றாள் குப்பாயி.

கந்தவேல் சிரித்துவிட்டார். “என்னம்மா இது? முன்ஷியும் சாமி, நானும் சாமி, மூக்கு ஒழுகுற இதுவும் சாமியா?”

“பெரியவீங்களும் சாமிதான், கொழந்தைகளும் சாமிதானுங்க. வேற எப்படிக் கூப்புடறதுங்க?”

“எங்க பக்கத்துல சாமி கோயிலுக்குள்ளதான் இருக்கும்.”

“கந்தவேல், கேட்டு எழுதும்” என்றார் நிஜாமுதீன்.

சடையன் சொன்னது இவ்வளவுதான். யுத்தத்தில் அவன் டோலிக்காரன். காயம்பட்டவர்களைத் தூளியில் சுமக்கிற பிரிவு. மெசபடோமியாவில் ஒரு விடியற்காலம், டோலி உடைந்துபோய், தனியாளாக ஓடைப் பள்ளத்தில் தேடிப் போனான். அங்கே தொடையில் குண்டு பட்டுக் கிடந்தவர் அவன் ஊர்க்காரரே: சின்னுசாமிப் பண்ணாடி. சடையனின் அப்பன், பாட்டன் எல்லாரும் வேலை செய்த பண்ணையின் இளைய மகன். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பட்டாளத்துக்குப் போனவர்.

“தோள்ல போட்டு ஆத்தைத் தாண்டினனுங்க. தண்ணி நெஞ்சு மட்டும். கரையில நின்ன தொரை பாத்துப்போட்டு, உனக்கு மெடல்னாருங்க. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எனக்குக் காய்ச்சல். கண்ணு முழிச்சா கப்பல்ல இருக்கறன். டிஸ்சார்ஜ் காகிதத்துல ஒண்ணுமே இல்லீங்க.”

“பத்து வருஷம் சும்மா இருந்தீர்களே, இப்போது என்ன?”

பதில் குப்பாயியிடமிருந்து வந்தது. “போன தையில, யுத்தத்துக்குப் போனவிங்க பேரெல்லாம் கல்லுல வெட்டோணும்னு சர்க்கார் ஆளுங்க வந்தாங்க. மெடல் உண்டான்னு கேட்டாங்க. இவரு நடந்ததைச் சொன்னாரு. பண்ணாடியத் தோள்ல போட்டன்னு நீ எப்படிடா சொல்லலாம்னு ஊர்ப் பெரியவிங்க பஞ்சாயத்து வெச்சாங்க. பண்ணாடியும் நடுவுல உக்காந்திருந்தாருங்க. என்னைத் தூக்குனது கெங்கவல்லிப் பெரியசாமி, எங்க கம்பெனிச் சிப்பாய். அவருக்குத்தான் மெடல் வந்துச்சுன்னு சொன்னாரு. நான் சொன்னது பொய்யின்னு மூணு தரம் இவரைச் சொல்ல வெச்சாங்க. கும்புட்டுக்கிட்டே சொன்னாருங்க.”

“உங்களுக்கு என்ன வேண்டும்?”

“காகிதத்துல ஏறோணுங்க” என்றான் சடையன். “நான் தூக்குனன்னு ஒரு வரி. மெடலக்கூட அவீகளே வெச்சுக்கட்டும்.”

பட்டாளத்துப் பதிவு ஆபீசுக்குக் கடிதம் போயிற்று. இரண்டரை மாதம் கழித்து ஒரு நகல் வந்தது. சின்னுசாமி ஆஸ்பத்திரியில் படுத்தபடி சொல்ல, குமாஸ்தா ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்ட வாக்குமூலம். மெடல் அதன்பேரில்தான் கொடுக்கப்பட்டிருந்தது. நிஜாமுதீன் அதைத் தமிழில் படித்தார்.

“‘எனக்கு வலப்பக்கம் 2031 முனியப்பன் இறந்து கிடந்தார். இடப்பக்கம் 2040 காதர் இறந்து கிடந்தார். விடியும் நேரம் சாமி வந்தார். சாமி, தண்ணீர் என்றேன். தன் குடுவையிலிருந்து வாயில் ஊற்றினார். சாமி, விட்டுப் போகாதே என்றேன். என்னைத் தோளில் போட்டார். தோளில் துணிச் சுருள் இருந்ததால் நோகவில்லை. ஆற்றைக் கடந்து டோலிக் கூடாரத்தில் சேர்த்தார்.’ கீழே குமாஸ்தாவின் குறிப்பு: ‘சாமி என்பவர் 2114 பெரியசாமி என்று கொள்ளப்பட்டது.’”

“அப்புறம் என்ன முன்ஷி? பேரே இருக்கே! சாமி, பெரியசாமி. சடையன் எங்கே வந்தான் இதிலே? துணிச் சுருள்னா கட்டுப் போடுகிற துணி.”

“‘வந்தார்’ என்று நான் படித்தேன். அவர் என்ன சொன்னார் என்று உமக்குத் தெரியுமா?”

“வந்தார்னுதானே...”

“ஆங்கிலத்தில் வந்தானும் வந்தாரும் ஒன்றுதான். அதை விடும். செத்துக் கிடந்த இரண்டு பேருக்கும் எண் சொன்னவர், உயிரோடு தூக்கி வந்தவருக்கு ஏன் எண் சொல்லவில்லை? ஒரே கம்பெனிக்காரர் ஆயிற்றே?”

கந்தவேல் பேனா மூடியைக் கடித்தார். “பெரியசாமி குமாஸ்தாவைச் சரிக்கட்டியிருப்பான். நான் சொல்றேன், அவன்தான் கள்ளன்.”

“நாளைக்குக் கெங்கவல்லிக்குப் போய்ப் பார்த்துவிடுவோம்.”

பெரியசாமி கள்ளனைப் போல இல்லை. கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வந்தார். மெடலைக் கேட்டதும் வீட்டுக்குள் போய், மகள் புடவைத் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தார். விளிம்பில் அவர் எண்ணும் பெயரும் வெட்டியிருந்தன.

“சின்னுசாமியைத் தூக்கினது நீங்கள்தானா?”

பெரியசாமி மெடலை மறுபடி துணியில் சுற்றினார். “அன்னைக்கு நான் ஒருத்தனைத் தூக்கினேன் ஐயா. முகமெல்லாம் சேறும் ரத்தமும். யாருன்னு தெரியலை. தண்ணி தண்ணின்னான். என் குடுவை ஓட்டை, குண்டு பாஞ்சது. ஆத்தங்கரை வர்றதுக்குள்ள அடங்கிட்டான். அங்கேயே படுக்க வச்சிட்டு வந்துட்டேன்.”

“அப்போ மெடல்?” என்று பாய்ந்தார் கந்தவேல்.

“அணிவகுப்புல பேரைக் கூப்பிட்டாங்க, போனேன். காயம்பட்டவனைத் தூக்கினதுக்குன்னாங்க. நானும் தூக்கினேனே. செத்தவனுக்காகக் குடுத்தாங்கன்னு நினைச்சேன். சின்னு பொழைச்ச கதையெல்லாம் அப்புறம்தான் காதுல விழுந்துது.”

“சின்னுவா?”

“கம்பெனியில அவனைச் சின்னுன்னுதான் கூப்பிடுவோம், என்னைப் பெருசும்பாங்க. சாமின்னு கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புவோமே.”

நிஜாமுதீன் எழுந்து நின்றார். “பெரியசாமி, நாமக்கல் வரை ஒரு நாள் வரவேண்டும். மெடலோடு.”

அடுத்த வாரம், நாமக்கல்லில் தெரிந்த வக்கீல் ஒருவரின் முன்னறை. ஐந்து நாற்காலிகள்; ஒன்றில் பெரியசாமி, மெடலோடு. சின்னுசாமி ஊன்றுகோலோடு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, மடிப்புக் கலையாத வேட்டி. கூட வந்த பேரனை வண்டிக்காரனிடம் விட்டு, “இங்கயே இரு சாமி, தாத்தன் வந்தர்றேன்” என்றார். உள்ளே வந்து சடையனைப் பார்த்தார். சடையன் சுவரோடு ஒட்டி நின்றான். அவனுக்காகப் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது.

“ஏனுங்க முன்ஷி, செத்த பாம்ப எத்தனை நாளைக்கு அடிப்பீங்க? பஞ்சாயத்து முடிஞ்சு போச்சுங்களே?”

“ஒரே ஒரு சொல்லில் எனக்குச் சந்தேகம். அதைத் தீர்த்துவிட்டால் போய்விடலாம்.”

நிஜாமுதீன் வாக்குமூலத்தை மறுபடி படித்தார். பிறகு காகிதத்தை மடித்துவிட்டுப் பேசினார்.

“இதில் சாமி என்று ஓர் ஆள் வருகிறார். எண் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. குமாஸ்தா பட்டியலைப் பார்த்திருக்கிறார். சாமி என்று முடிகிற பெயர் இரண்டு. ஒருவர் நீங்கள். மிச்சம் இருந்தவர் தலையில் மெடலைக் கட்டிவிட்டார். ஆனால் கம்பெனியில் பெரியசாமியை யாரும் சாமி என்று கூப்பிட்டதே இல்லை. அவர் தூக்கிய ஆள் வழியிலேயே இறந்துபோனார். கொடுக்க அவரிடம் தண்ணீரும் இல்லை.”

“வேற ஏதாச்சும் சாமியா இருக்கும்.”

“இருக்கலாம். தோளில் துணிச் சுருளோடு வந்த சாமி. சிப்பாய் தோளில் துப்பாக்கி வார்தான் இருக்கும். டோலித் தண்டு அழுத்தாமலிருக்கச் சும்மாடு கட்டுகிறவன் டோலிக்காரன் ஒருவனே. தூக்கியவர் உங்களைச் சிப்பாய்களிடம் சேர்க்கவில்லை, தன் கூடாரத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்.”

கந்தவேல் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். “சடையன்னு பேரிருக்கிறவன் எப்படி முன்ஷி சாமி ஆனான்?”

“வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கும் பையன் பெயர் என்ன, ஐயா?” என்று சின்னுசாமியைக் கேட்டார் நிஜாமுதீன்.

“கந்தசாமி... இல்ல, வந்து...” பையனையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்பது உறைக்க, சின்னுசாமி நிறுத்தினார். “காளியண்ணன்.”

“சற்று முன் அவனைச் சாமி என்றீர்கள். இந்தப் பக்கத்து மனிதர்கள் பிரியம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்கள். குமாஸ்தா வெளியூர்க்காரர். அழைத்த சொல்லைப் பெயர் என்று எழுதிவிட்டார். குண்டடிபட்டுக் கிடந்தபோது நீங்கள் ஒரு மனிதரை, ‘சாமி, தண்ணீர், சாமி, விட்டுப் போகாதே’ என்று கெஞ்சினீர்கள். அந்த மனிதர் இங்கே நிற்கிறார்.”

சின்னுசாமி ஊன்றுகோலின் பூணைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க” என்றார் கடைசியில். “கூப்பிட்டன். வலிங்க. உசுரு போற வலி.”

“பெரியசாமிக்கு மெடல் கொடுத்தபோது?”

“ஆஸ்பத்திரியில கெடந்தன். வந்து தெரிஞ்சப்ப சொல்லோணும்னுதான் நெனச்சன். நெசமாலுமே நெனச்சனுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஊருக்கு வந்துட்டன்.”

நிஜாமுதீன் எழுதி வைத்திருந்த காகிதத்தை நகர்த்தினார். “இதில் ஒரு கையெழுத்து.”

சின்னுசாமி படித்தார். உதடு அசைந்தது. “சடையன் தூக்குனான்னு வேணும்னா போடறன். சாமீன்னு கூப்பிட்டன்கறதை அடிச்சிருங்க. அவன் குடுவையில குடிச்சன்கறதையும் அடிச்சிருங்க.”

“அடித்துவிட்டால், முதல் வாக்குமூலத்தில் சாமி என்று இருப்பது யார் என்று ஆபீசில் கேட்பார்கள். அந்தச் சொல்தான் ஐயா சாட்சி. வேறு ஒன்றும் இல்லை.”

“எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணுங்க கட்டிக்குடுக்கற வயசுல இருக்குதுங்க. நாளைக்கு எவன் எங்க ஊட்டுல கை நனைப்பான்?” அவர் எழுந்தார். சடையன் பக்கம் திரும்பாமலே, “வருசத்துக்கு ரெண்டு மூட்டை சோளம் சேத்தித் தர்றன்டா. உட்டுரு” என்றார்.

“சோளம் வேண்டாங்க பண்ணாடி.”

ஊன்றுகோல் சத்தம் படியிறங்கிப் போயிற்று. பெரியசாமி துணி முடிப்பை அவிழ்த்து மெடலைச் சடையன் முன்னால் நீட்டினார்.

“பிடி அண்ணே. உன்னுது.”

சடையன் அதைத் தொடாமல் குனிந்து விளிம்பைப் பார்த்தான். “எளுத்து வெட்டியிருக்குதுங்களே. எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்குதுங்க?”

“என் பேரு.”

“அப்ப உங்களுதுதானுங்க.”

பெரியசாமி நடந்ததையெல்லாம் சொல்லிக் கையெழுத்திட்டார். அதை வைத்துப் பட்டாளத்து ஆபீசுக்கு எழுதிய மனுவோடு, சாமி என்ற சொல் இந்தச் சீமையில் எப்படி வழங்குகிறது என்று நிஜாமுதீன் நான்கு பக்கம் எழுதிச் சேர்த்தார். கந்தவேல் மூன்று தரம் படித்துப் பார்த்து, “இதை மறுக்க ஒரு மனுஷனாலும் முடியாது முன்ஷி” என்றார்.

கார்த்திகையில் பதில் வந்தது. சடையனும் குப்பாயியும் வரவழைக்கப்பட்டார்கள். அன்று நிஜாமுதீன் வாசலுக்கு வெளியே வந்து, அவன் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தார்.

“‘தங்கள் மனுவின்பேரில் பதிவுகள் திருத்தப்பட்டன. 2114 பெரியசாமி தமது கையெழுத்திலேயே ஒப்புக்கொண்டபடியால் அவருக்கு அளித்த விருது ரத்தாகிறது. மெடலைத் திருப்பி அனுப்பவேண்டும்.’”

“அடப் பாவிகளா!” என்றார் கந்தவேல்.

“‘காயமடைந்த சின்னுசாமியிடம் மறுபடி எழுதிக் கேட்டதில், தாம் மயங்கிக் கிடந்ததாகவும் யார் தூக்கியது என்று தெரியாதென்றும் பதில் அளித்திருக்கிறார். ஆகவே சடையன் என்பவரின் பதிவில் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கோப்பு முடிக்கப்பட்டது.’”

“என்னாலதான் அந்த மனுசனுக்கும் போச்சுங்களா?”

“என்னால், சடையன். மனு எழுதியது நான்.” நிஜாமுதீனின் குரல் கோர்ட்டில் பேசுவது போலவே சமமாக இருந்தது.

குப்பாயி வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு திண்ணையில் சரிந்து உட்கார்ந்தாள். சடையன் மட்டும் எதையோ கணக்குப் பார்ப்பவன் போல நின்றான்.

“ஏனுங்க சாமி, அப்ப இப்பக் காகிதத்துல யாரு தூக்குனதா இருக்குதுங்க?”

“ஒருவரும் இல்லை.”

“அவரு இந்தாண்ட கரைக்கு வந்து சேந்தாருன்னு இருக்குதுங்களா?”

“இருக்கிறது.”

“தொடையில குண்டோட?”

“தொடையில் குண்டோடு.”

“நெஞ்சு மட்டும் தண்ணிங்க.”

கந்தவேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை எடுத்தார். “இன்னொரு மனு போடுவோம் சடையா. மேலிடத்துக்கு. உன் பேரை முதல் வரியிலேயே...”

“என்ற பேரு வேண்டாங்க” என்றான் சடையன். “அவரு எப்படி ஆத்தைத் தாண்டுனாருன்னு மட்டும் கேட்டு எளுதுங்க.”