சபேசனுக்கு மட்டும் திறந்த கதவு

தூத்துக்குடியில் ஒரு ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் யாரையும் விசாரிக்க வேண்டாம். அவர் முன்னால் கதவு எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்று பார்த்தால் போதும். ஊரின் கதவுகளையெல்லாம் ஒரே கணக்கில் பிணைக்கும் சமன்வலை வந்து ஆறு வருஷமாகிறது. யாரை எவ்வளவு நேரம் காக்கவைத்தோமோ, அவ்வளவு நேரமும் நம் தலையில் வந்து விழும். கதவு, லிப்ட், கார் எல்லாம் நம் கையிலுள்ள காத்திருப்புப் பட்டையில் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஆற அமரத்தான் வழிவிடும். இழுத்தடித்த காரியத்தை முடித்துக் கொடுத்தால் அந்த நொடியே எல்லாம் திறந்துகொள்ளும். பெரிய டாக்டர்களே இப்போது சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட ஊரில், சரக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் பணியாளர் மேலாளர் சபேசனுக்கு மட்டும் எல்லாக் கதவும் ஓடி ஓடித் திறந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் இசக்கியம்மாளுக்கு வயிறு எரிந்தது. அவள் அங்கே தொழிலாளர் சங்கச் செயலாளர். சங்கம் கொடுத்த முறையீட்டை அந்த மனுஷன் எண்பத்து மூன்று நாளாக ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தார்.

முறையீடு கிரேன் ஓட்டும் லூர்துராஜுக்காக. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ஒருநாள் கம்பிவடம் நைந்திருப்பதைக் கண்டு, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் கிரேனை நிறுத்திவிட்டார். கீழே நான்கு பேர் நின்றிருந்தார்கள். கம்பெனியோ அவர் குடித்துவிட்டு வேலையை நிறுத்தினார் என்று எழுதி இடைநீக்கம் செய்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு. அன்றோடு முறையீடும் தானாக ரத்தாகிவிடும்.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் தாயி,” என்றார் லூர்துராஜ். “கடேசி நாளு ஒரு தடவ மேல ஏறி இறங்கணும். நான் சொட்டு வாயில வச்சதில்லன்னு எம்மவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியணும்லா?”

செவ்வாய்க்கிழமை இசக்கியம்மாள் மறுபடி சபேசன் அறைக்குப் போனாள்.

“வாங்கம்மா, முதல்ல டீ சாப்பிடுங்க,” என்றார் அவர். “நேத்தே விசாரணையை முடிச்சிருப்பேன். வக்கீல் ஊர்ல இல்லை பாருங்க. திங்கட்கிழமை வச்சுக்கலாமா? பரவாயில்லைதானே?”

ஒருவர் கையில் டீயைக் கொடுத்து இவ்வளவு பணிவாகக் கேட்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? “பரவாயில்ல சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். திங்கட்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடுமே என்பது நடையில் வந்துதான் உறைத்தது.

பின்னாலேயே காலி டம்ளர்களோடு வந்தாள் தங்கபுஷ்பம். கேன்டீனில் ஒப்பந்த வேலை பார்ப்பவள்.

“அக்கா, இது பத்தாவது தடவ.”

“எதுட்டீ?”

“நீங்க பரவாயில்லன்னது. அந்தாளு டீயக் குடுத்துட்டுத்தான் கேக்காரு. நீங்க சரின்னுட்டா பட்டை எப்படிக்கா எண்ணும்?”

இசக்கியம்மாளுக்குப் பொட்டில் அடித்தது போலிருந்தது. ஆமாம், சமன்வலைச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது: மனம் ஒப்பிக் காத்திருந்தால் அது காத்திருப்பே அல்ல. முகத்துக்கு நேரே மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவு என்று நினைக்கும் ஜனங்களுக்கு இது எவ்வளவு பெரிய பள்ளம் என்று சட்டம் எழுதியவர்களுக்கு எங்கே தெரியும்? சபேசனுக்குத் தெரிந்திருந்தது. படுபாவி!

“நல்லாருப்படி நீ!” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

“அப்புறம் அக்கா, எங்க மனு...”

“அடுத்த கூட்டத்துல கண்டிப்பா எடுத்துருவோம்.”

“சரிக்கா.”

இசக்கியம்மாள் விறுவிறுவென்று திரும்பிப் போனாள். “சார், பரவாயில்லன்னு சொன்னத வாபஸ் வாங்குதேன். லூர்து அண்ணாச்சி காத்துக்கிட்டிருக்காரு.”

சபேசன் சிரித்தார். “ஒரு ஆள், மூணு நாள். கதவு கொஞ்சம் மெதுவாத் திறக்கும். பொறுத்துக்கறேன்மா.”

மறுநாள் காலை ஷிப்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களும் வரிசையாக வந்து, முறையீட்டின் மேல் தங்கள் பட்டையை வைத்தார்கள். “நானும் இந்த முடிவுக்காகக் காத்திருக்கேன்,” என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். இனி ஒரு மணி நேரம் போனால் சபேசன் தலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஏறும்.

மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவ வெளியே வந்தவருக்கு, திரும்பி உள்ளே போக அவர் அறைக் கதவே திறக்கவில்லை. லிப்ட் வரவில்லை. படியிறங்கி ஓடினால் கார் அசையவில்லை. கடைசியில் கழிவறையும் கைவிட்டது. ஈரக் கையோடு, இசக்கியம்மாளும் மற்றவர்களும் கூடியிருந்த கிரேன் நிழலில் வந்து நின்றார்.

“என்னம்மா இது அநியாயம்?”

“ஒண்ணுமில்ல சார், எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம். உக்காருங்க, டீ சாப்பிடுங்க,” என்றாள் இசக்கியம்மாள்.

எண்பத்து நான்கு நாள் இழுத்த விசாரணை இருபது நிமிஷத்தில், வெட்டவெளியில் முடிந்தது. கிரேன் பதிவேட்டை வாசித்தார்கள். நைந்த வடத்தைக் காட்டினார்கள். ‘குற்றமில்லை, நால்வர் உயிரைக் காத்தவர்’ என்று சபேசன் தன் கைப்பட எழுதியதும் கட்டடமெங்கும் கதவுகள் படபடவென்று திறந்தன. மனிதர் கழிவறைக்கு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அப்பப்பா!

வெள்ளிக்கிழமை லூர்துராஜ் கிரேனில் ஏறினார். உச்சியிலிருந்து நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். கீழே அவர் மகள் கைதட்டிக்கொண்டே அழுதாள். இசக்கியம்மாளும் அழுதாள், ஒளிக்காமல் அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு விம்மியது.

அந்தப் பூரிப்போடு, சங்கத்தார் போட்ட மாலையைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே சங்க அலுவலகத்துக்கு வந்து பட்டையைக் காட்டினாள். கதவு திறக்கவில்லை. துடைத்துவிட்டுக் காட்டினாள். ம்ஹூம்.

“பழுதில்லக்கா,” என்றது பின்னால் ஒரு குரல். தங்கபுஷ்பம் நின்றிருந்தாள். அவளோடு சேர்த்து நாற்பது ஒப்பந்தத் தொழிலாளர்கள். “எங்களையும் சங்கத்துல சேத்துக்கிடுங்கன்னு மனு குடுத்து அஞ்சு மாசமாச்சு. இத்தன நாளும் சரிக்கான்னுட்டோம். இன்னைக்குக் காலைல நாப்பது பேரும் பட்டைய வச்சுட்டோம்.”

“ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா இன்னைக்குத்தானா? அடுத்த வாரம் வச்சுக்கிடுவோம், பரவா...”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அசல் சபேசனின் பேச்சு! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருவழியாகச் சிரித்தாள்.

“மனு உள்ள இழுப்பறைலல்லா கெடக்கு?”

“எங்களுக்கு மனப்பாடம்க்கா. சொல்லட்டுமா?”

இசக்கியம்மாள் வாசல்படியிலேயே உட்கார்ந்து சங்கத் தலைவருக்குப் போன் போட்டாள். “செயற்குழு எல்லாரையும் கூட்டிட்டு வாரும். கூட்டம் இங்கதான், வாசல்ல.”

“இன்னைக்கா? சந்தோஷமா வீட்ல இருக்கோம். நாளைக்கு வாரமே, பரவாயில்லையா?”

“பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன்வே,” என்றாள் இசக்கியம்மாள். “என்னையும் சேத்து நாப்பத்தியோரு பேரு காத்துக்கிட்டிருக்கோம்.”