நாலு பத்துக்கு எரியும் சிவப்பு விளக்கு

"அம்மா, கம்பி பொய் சொல்லுமா?"

நாலு வயதில் மகள் கேட்ட கேள்வி அது. "அதுக்கு என்ன தெரியும் கண்ணு, கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்ச் சோற்றை ஊட்டினாள் அம்மா. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அம்மா அதே தொலைபேசி நிலையத்தில், அதே சோதனைப் பொறியாளர் நாற்காலியில்.

மாலை 4.10. மலை ஆஸ்பத்திரி லைனில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிழைகளை எண்ணும் மீட்டர் தறிகெட்டு ஓடியது. 4.16க்கு எல்லாம் அடங்கிப் பச்சை.

இரண்டு வாரமாக இதே கூத்து. நோயாளிகளின் நிலையைத் தலைமை நர்ஸ் நகரத்து டாக்டருக்குச் சொல்லும் நேரம் அது. இன்று அவர் சொன்ன ரத்த அழுத்தம் டாக்டர் காதில் விழவில்லை. ஒருவருக்கு மருந்து ஒரு மணி நேரம் தாமதம். பழி லைன்மேன் மேல் விழுந்தது. நாளை ஐந்து மணிக்குள் சரியாகாவிட்டால் வேலை நீக்கம் என்று மேலிடத்து உத்தரவு.

"ஏறாத கம்பம் இல்லக்கா. இனி வானத்துலதான் ஏறணும்" என்றான், எல்லோரும் 'ஏணி' என்றழைக்கும் அந்த லைன்மேன். சிரிக்கப் பார்த்தான்.

மறுநாள் 4.10. அவளும் ஏணியும் நிலையக் கட்டிட நுழைவில் நின்றார்கள். மலையிலிருந்து வரும் சமிக்ஞையைச் சீராக்கி மாடிக்கு அனுப்பும் பெட்டி அங்கே இருந்தது. மாடியில் சிவப்பு என்று போனில் தகவல் வந்தது. இங்கே பிழை பூஜ்யம்.

"உன் கம்பி சுத்தம்டா. கெடுறது நம்ம வீட்டுக்குள்ள."

4.13. மாடியில் பச்சை.

"இன்னைக்கு சீக்கிரம் சரியாயிடுச்சே?"

ஏணி மலைக்குப் போன் போட்டுக் கேட்டான். "டாக்டர் அவசரமாப் போகணும்னு போனை வெச்சுட்டாராம்க்கா."

"பேச்சு முடிஞ்சா பழுதும் முடியுதா? அது என்ன பழுது?"

பதிவேட்டைப் புரட்டினாள். இரண்டு ஞாயிறும் ஒரு பிழைகூட இல்லை. அன்றும் 4.10க்குப் பேச்சு நடந்திருக்கிறது. பேசியது வேறு நர்ஸ். சோதனை அறை அலமாரியிலிருந்த, லைனில் மாட்டிப் பேச்சைக் கேட்கும் சோதனைக் கருவியைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது; யாரோ சற்று முன்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

4.30. மலை ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"நீங்க அங்க வந்து எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு வாரம்."

"இந்த ஊர்ல உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"அப்பா. பேச்சுவார்த்தை இல்ல. உங்க ஆபீஸ் மேற்பார்வையாளர்தான்."

4.40. சோதனை அறையில் மேற்பார்வையாளர் தனியாக இருந்தார்.

"சார், தினமும் இந்தக் கருவியை மாட்டி உங்க பொண்ணு பேசறதைக் கேக்கறீங்க."

அவர் மறுக்கவில்லை. "அதுக்கும் பழுதுக்கும் என்னம்மா?"

"பழைய லைன்ல ஹெட்போனை மாட்டிக் கேட்டாலும் ஒண்ணும் ஆகாது. இது புது டிஜிட்டல் லைன், இந்தக் கருவியை ஆன் பண்ணதும் பாதி சமிக்ஞையைக் குடிச்சிடும். லைனைக் கெடுக்காம சும்மா ஒட்டிக் கேக்கணும்னா இதோட சுவிட்சைத் திருப்பணும். பழக்கதோஷத்துல நீங்க திருப்பலை. நாங்க கம்பியையே பார்த்தோம், கருவியைப் பார்க்கலை."

"எனக்குச் சுத்தமாக் கேட்டுச்சே! அவ குரலை நானா கெடுத்தேன்?" கைக்குட்டையைத் தேடினார். "ஏதோ சோதனைக்கு மாட்டினப்போ தற்செயலாக் கேட்டேன். மூணு வருஷம் ஆச்சும்மா. அவ கல்யாணத்துக்கு நான் போகலை. காய்ச்சல் நூத்தியொண்ணு, நாடி எண்பதுன்னுதான் சொல்வா. அதுவே போதும்னு இருந்துச்சு."

"அடுத்தவங்க பேச்சைக் கேக்கறது தப்பு சார்."

"தப்புதான்."

அவளே மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "அஞ்சு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. உங்க கையாலேயே எழுதுங்க."

எழுதினார். தண்டனை வராமல் போகாது. ஆனாலும் தன் குற்றத்தைத் தானே எழுதும் மனிதனின் முதுகைக் கடவுள் கொஞ்சம் நிமிர்த்திவிடுகிறார்.

ஏணி கோபப்படவில்லை. "விடுங்க சார். பழுது தேடி மலைப்பாதையில திறந்த பன்னண்டு கம்பிப் பெட்டி மூடியையும் மழைக்கு முன்னாடி இறுக்கணும், அதை நெனச்சாத்தான் இடுப்பு வலிக்குது" என்றான்.

திங்கட்கிழமை ஏணி போய்ப் பார்த்தபோது பன்னிரண்டு மூடியும் இறுகியிருந்தன. யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை, மேற்பார்வையாளர் தனியாக மலைப்பாதையில் ஏறினார். ஒவ்வொரு பெட்டியாகத் துடைத்து, மூடியை முறுக்கினார். பன்னிரண்டாவது பெட்டி ஆஸ்பத்திரி மதிலோரம் இருந்தது. அதையும் இறுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, நர்ஸ்கள் குடியிருப்புப் பக்கம் நடந்தார்.