விலாவுக்குக் கீழே

கலியாணசுந்தரம் மூச்சை இழுத்தபோது, வலது விலாவுக்குக் கீழே இருந்த வீக்கம் அசையவில்லை; அவர் மூச்சை விட்டு ஓய்ந்த பிறகுதான் கமலவேணியின் உள்ளங்கையில் மெல்ல எழும்பி வந்து முட்டியது. வீங்கிய பித்தப்பை மூச்சோடு சேர்ந்து இறங்கும். இது தனியாக மூச்சு விட்டது. தன் களைப்புதான் என்று கையை எடுத்துக்கொண்டாள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு டாக்டர் தேவதாஸ் காஜா பெராங் பகுதியில் தன் வீட்டு முன்கூடத்தையே ஆஸ்பத்திரியாக்கியிருந்தார். கொதிக்க வைத்த பழைய கட்டுத்துணி, மரவள்ளிக் கஞ்சி, மழையில் ஊறிய சுவர் எல்லாம் கலந்த வாடை அவள் முடியிலேயே தங்கிப்போயிருந்தது. ஒரே நர்ஸ் அவள்; நோயாளிகளுக்கு 'மிஸ்ஸி'. நன்றாகத் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

கலியாணசுந்தரம் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய், கூடப் போனவர்களில் தான் மட்டும் திரும்பியவர்.

"வலி இல்ல. மஞ்சள் ஏறிக்கிட்டே போகுது, மலம் களிமண்ணாட்டம் வெளுத்திருக்கு," என்றார் டாக்டர். "பித்தக் குழாயைப் புத்துக்கட்டி அடைச்சிருக்கு வேணி. திறந்து வழி பண்ணலைன்னா போயிடுவாரு."

காது மடலில் குத்திப் பார்த்தார்கள். ரத்தம் உறையாமல் வழிந்துகொண்டே இருந்தது. உறைய வைக்கும் ஊசி ஊரில் எங்கும் இல்லை. அதற்குப் பதில் வள்ளிக்கிழங்குக் கீரையை வேகவைத்துப் பிழிந்து கொடுத்து, ரத்தம் ஓரளவு உறையும்வரை காத்திருந்தார்கள்.

அறுவை சிகிச்சை நாள் காலையில் கலியாணசுந்தரத்தின் வயிற்றைச் சோப்புப் போட்டு மழித்தாள். தோலெங்கும் சொறிந்த தடம்.

"மயக்காதீங்க மிஸ்ஸி," என்றார் அவர். "நான் முழிச்சிருந்தா அது சும்மா கெடக்கு."

"எது அண்ணே?"

அவர் உள்ளங்கையை விலாவுக்குக் கீழே வைத்துப் பொத்திக்கொண்டார்.

டாக்டரிடம் சொன்னாள். அவர் கண்ணைத் தேய்த்தார். "பித்தம் தலைக்கு ஏறுனா அப்படித்தான் பேசுவாங்க. நீயும் தூங்கல."

வெளியே மழை பிடித்தது. முகத்துணியில் ஈதரைச் சொட்டினாள். கலியாணசுந்தரத்தின் விரல்கள் தளர்ந்தன. டாக்டர் கீறினார். குழாயைத் தேடிக் கையை உள்ளே விட்டார்.

கை நின்றது.

"என்ன டாக்டர்?"

"புடிச்சிருக்கு." குரலில் பதற்றமே இல்லை, அலுப்புதான். "வேணி, என் கையைப் புடிச்சிருக்கு."

முகத்துணியைப் பிடுங்கி எறிந்தாள். கன்னத்தைத் தட்டினாள்.

"அண்ணே. எழுந்திரிங்க அண்ணே."

எழவில்லை. டாக்டரின் மணிக்கட்டு உள்ளே போனது. பிறகு முழங்கை. ரத்தம் இல்லை. சத்தம் இல்லை. மழை மட்டும்.

மழித்த வயிறு மேடிட்டது. அந்த மெல்லிய மஞ்சள் தோலுக்கு அடியில் டாக்டரின் விரல் முட்டிகள் புடைத்துத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, ஒவ்வொன்றாக, வேறு விரல்கள் வந்து கோத்துக்கொண்டன.