ஒன்பதாம் நாள் ஓடை

இமயனுக்கு நீச்சல் பதியம் போட்டு முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. பதியக்கூடத்தை விட்டு வெளியே வரும்போதே பையன் தண்ணீரைத் தள்ளுவது போலக் கைகளை வீசிக்கொண்டு வந்தான்.

"அப்பா, பெரிய கெணறு. படியெல்லாம் பாசி. முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டி ஒரு மாமா என்னையத் தள்ளிவுட்டாரு. மூக்குல தண்ணி ஏறிருச்சு."

"தும்பி இருந்துச்சா?" என்று கேட்டான் சேரலாதன்.

"இருந்துச்சுங்கப்பா. அந்த மாமா தோள்மேலயே உக்காந்திருந்துச்சு."

கிளையை வளைத்து மண்ணில் ஊன்றி வேர்விட வைப்பதைப் போல, நடக்காத ஒன்றின் நினைவை மூளையில் ஊன்றி வேர்பிடிக்க வைப்பதால் அதற்குப் பதியம் என்று பெயர். நினைவு போகும் வழியிலேயே உடம்பும் போகும். கிணற்றில் கற்றதாக நினைக்கும் பையன் குளத்தில் மிதந்துவிடுவான். கோயம்புத்தூரில் இப்போது யாரும் மூன்று மாதம் செலவழித்து நீச்சலோ வண்டி ஓட்டுவதோ கற்பதில்லை. ஆனால் தன் நினைவு எது, ஊன்றிய நினைவு எது என்று ஒருவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் எல்லாப் பதியத்திலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு நீலத் தும்பி இருந்தாக வேண்டும் என்று நினைவுரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்து இருபது வருடம் ஆகிறது.

வீட்டுக்கு வந்ததும் வான்மதி ஒரு விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தாள். வால்பாறை போகிற வழியில் இருக்கும் மேல்காடு சிறுவர் முகாமின் விண்ணப்பம். கோடை விடுமுறையில் பத்து நாள் தங்கல். கூடாரம், சமையல், மலையேற்றம், நற்பண்புப் பயிற்சி. மூன்றாவது வருடமாக அவள் இதைக் கொண்டுவருகிறாள்.

"வேண்டாம்," என்றான் சேரலாதன்.

"ஏனுங்க? நீங்க படிச்ச முகாம்தானே? கண்ணாடியை ஒடச்சுப்போட்டு, பக்கத்து வீட்டுப் பையன் மேல பழியப் போட்டுட்டு வந்திருக்கான் உங்க மகன். உங்க வாயில ஒரு பொய் வந்து நான் கேட்டதில்ல. அவனும் அப்படி வரட்டுமே."

சேரலாதன் மீட்புப் படையில் வேலை பார்ப்பவன். அமராவதியிலும் பவானியிலும் வெள்ளம் வந்தால் முதலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன். பத்தொன்பது வருடத்தில் அறுபத்துநான்கு பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறான். ஒருமுறை படகு கவிழ்ந்த விசாரணையில் தன் பிழையைத் தானே சொல்லி, வரவேண்டிய பதவி உயர்வை இழந்தான். நேர்மையான ஆள் என்று ஊரே சொல்லும். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவன் பேச்சை மாற்றிவிடுவான்.

அன்று அவன் அவளை உட்காரச் சொல்லி, யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

பன்னிரண்டு வயதில் அவன் போன அந்த முகாமில் எட்டாம் நாள் ஒரு பையன் புதிதாக வந்து சேர்ந்தான். பெயர் வெள்ளிங்கிரி. ஒல்லியான பையன், அதிகம் பேசமாட்டான். ஒன்பதாம் நாள் மதியம் ஓடையைக் கடக்கும் பயிற்சி. இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக் கடக்க வேண்டும். சேரலாதனுக்கு ஜோடி வெள்ளிங்கிரி. நடு ஓடையில் இருக்கும்போது மலையில் பெய்த மழை இறங்கிவிட்டது. தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. வெள்ளிங்கிரி வழுக்கி விழுந்து, அவன் கையை இறுகப் பிடித்தான்.

"நான் கைய உதறிட்டேன் வான்மதி. அவனா விடல. நான்தான் உதறினேன். கரையேறி ஒரு மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். சாயங்காலம் அவனைத் தூக்கிட்டு வந்தாங்க. கால் ரெண்டா ஒடிஞ்சிருந்துச்சு. யாராச்சும் பாத்தீங்களான்னு கேட்டாங்க. பாக்கலைன்னு சொன்னேன். அவன் என்னையவே பாத்துட்டு இருந்தான். ஆனா ஒரு வார்த்தை சொல்லல. வண்டியில ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க. அதுக்கப்புறம் அவன் என்ன ஆனான்னு எனக்குத் தெரியாது."

வான்மதி அவன் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"பன்னண்டு வயசுப் பையன் பயந்துட்டான். எனக்கு அவ்வளவுதாங்க. ஆனா நான் சொன்னா உங்களுக்கு ஆறாது. அந்த வெள்ளிங்கிரிதான் சொல்லணும். முகாம்ல விலாசம் இருக்கும். போய்ப் பாருங்க."

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டான். ஆழியாறு தாண்டி வளைவுகளில் வண்டி ஏறும்போது, என்ன சொல்வது என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். முப்பத்தோரு வருடமாகச் சொல்லிப் பார்த்த அதே வாக்கியங்கள்தான். வெள்ளிங்கிரி நடக்கிறானா, நொண்டுகிறானா? உயிரோடு இருக்கிறானா? இறந்துவிட்டான் என்று சொல்லிவிட்டால்? அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் வாக்கியம் நின்றுபோனது.

முகாம் அலுவலகத்தில் தமயந்தி என்ற பெண் பொறுப்பாளராக இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவன் தன் பெயரையும் வருடத்தையும் சொல்லி, அந்த வருடம் வந்த வெள்ளிங்கிரியின் விலாசம் வேண்டும் என்றான். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"உக்காருங்கண்ணா. டீ சாப்படறீங்களா?"

"வேண்டாமுங்க. விலாசம் மட்டும் கொடுத்தீங்கன்னா…"

"நீங்களா கேட்டு வந்தாத்தான் நான் சொல்லலாமுங்க. நாங்களாத் தேடி வந்து சொல்லச் சட்டத்துல எடமில்ல. இப்ப நான் சொல்றதுக்கு உங்களுக்குச் சம்மதங்களா?"

அவன் தலையசைத்தான். இறந்துவிட்டான் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வெள்ளிங்கிரின்னு ஒருத்தர் இல்லீங்க."

"இல்லைன்னா?"

"எப்பவுமே இல்லீங்க. அது பதியம்."

அவள் அந்த வருடத்துப் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். நாற்பது பெயர்கள். அவனுடைய பெயர் இருந்தது. கூடாரத்தில் அவனோடு படுத்த சந்தோஷின் பெயர் இருந்தது. நாற்பத்தொன்றாவது பெயர் எதுவும் இல்லை. பதிவேட்டுக்குக் கீழிருந்து அவள் இன்னொரு தாளை எடுத்தாள். 'ஒன்பதாம் நாள்: ஓடை' என்று தலைப்பு. மழை, இடுப்பளவு தண்ணீர், உதறிய கை, மரம், கேள்வி, பொய், பையனின் பார்வை. எல்லாம் வரிசையாக, ஒரு சமையல் குறிப்பைப் போல எழுதியிருந்தது.

"ஒன்பதாம் நாள் மதியம் காய்ச்சல் பாக்கறோம்னு உங்களையெல்லாம் கூடத்துல படுக்க வெச்சாங்க. ஞாபகம் இருக்குங்களா? மூணு மணி நேரம் தூங்கினீங்க. அப்பப் போட்டதுதான். தும்பிச் சட்டமெல்லாம் அப்ப வரல."

"சந்தோஷுக்கும் போட்டாங்களா?"

"நாப்பது பேருக்கும். எல்லாருக்கும் வெள்ளிங்கிரிதான் ஜோடி."

அவனுக்குப் பத்தாம் நாள் காலை நினைவுக்கு வந்தது. நீள மேசையில் உப்புமா ஆறிக்கொண்டிருந்தது. நாற்பது பையன்களும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனும் ஒருவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால்தான் பேசவில்லை என்று அவன் இத்தனை வருடம் நம்பியிருந்தான்.

"வெக்கந்தானுங்க பூட்டு," என்றாள் தமயந்தி. "தப்புப் பண்ணினவன் அடுத்தவன்கிட்டப் போய்ப் பேசமாட்டான். பேசினாத்தானே வெளிய வரும்? குற்ற உணர்ச்சியை ஒரு தரம் ஊனிட்டா ஆயுசுக்கும் யோக்கியனா இருப்பான்னு அன்னைக்கி இருந்தவங்க நெனச்சாங்க. ஒம்பது வருசம் பண்ணினாங்க. இப்ப அதெல்லாம் கெடையாது. தும்பியோட போட்டா ஒருத்தனுக்கும் உறைக்கறதில்ல. அதனால பதியமே இல்லாம, சும்மா மலையேத்தி, சோறாக்க வெச்சு அனுப்பறோம்."

"இதுவரைக்கும் எத்தனை பேரு கேட்டு வந்தாங்க?"

"நீங்க நூத்திப் பதினாலாவது. ஒருத்தரு இந்த மேசையை எட்டி ஒதச்சாரு. நெறையப் பேரு அழுதாங்க."

சேரலாதன் அழவில்லை. முதலில் தோள்தான் தளர்ந்தது. இவ்வளவு காலம் தோளை உயர்த்திப் பிடித்திருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. உலகத்தில் எந்த ஊரிலும் ஒரு மனிதன் தன்னால் நொண்டிக்கொண்டிருக்கவில்லை. அவன் எழுந்து சன்னலுக்குப் போய் வெளியே பார்த்தான். கூடாரங்கள், பாறை, தைல மரங்கள். கண்ணுக்கெட்டிய வரை ஓடை எதுவும் இல்லை.

"இங்க ஓடையே இல்லியா?"

"குடிக்கவே லாரித் தண்ணிதானுங்கண்ணா."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். வேண்டுமென்றால் அந்தப் பதியத்தை எடுத்துவிடலாம், அரை மணி நேர வேலை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கிளம்பும்போது, அவன் பெயரிலிருந்த கோப்பையும் அவன் கையில் கொடுத்தாள். அதன் கடைசித் தாள் ஒப்புதல் கடிதம். 'ஊன்றப்படும் நினைவின் முழு விவரமும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது' என்ற வரியின் கீழே நீல மையில் கையெழுத்து: அ. செல்லமுத்து.

அவனுடைய அப்பா.

வண்டியில் உட்கார்ந்து வான்மதிக்குப் போன் செய்தான். அப்படி ஒருத்தன் இல்லை என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது. அவள் மறுமுனையில் அழுவது கேட்டது. "அப்ப நீங்க யாரு கையவும் வுடலைங்க," என்றாள். அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மலையிறங்கி உடுமலைக்கு வண்டியை விட்டான். இறங்கும் வழியெல்லாம் மனம் லேசாகத்தான் இருந்தது. அந்தக் கையெழுத்தின் மீது மட்டும் கோபம் வந்தது, போனது, மறுபடி வந்தது.

செல்லமுத்து பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. வாசலில் வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் மகனைப் பார்த்துச் சிரித்தார். மகனின் கையிலிருந்த கோப்பைப் பார்த்ததும், ஈர வேட்டியைக் கொடியில் அப்படியே சுருட்டி விட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மேல்காட்டுக்குப் போனயா சாமி?"

"போனேனுங்கப்பா."

"சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க. நீங்க ஏனுங்கப்பா சொல்லல?"

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீ அப்ப இருந்த இருப்பு உனக்கே மறந்திருக்கும். தெனம் ஒரு சண்டை, தெனம் ஒரு பொய். உன்ற தப்புக்கு வேற ஒரு பையனைப் பள்ளிக்கூடத்தைவுட்டே அனுப்பிட்டாங்க. அது தெரிஞ்சும் நீ சிரிச்சே. எனக்கு பயம் வந்துருச்சு. அவங்க படிச்சுக் காட்டுனாங்க. ரெண்டு மாசம் வருத்தப்படுவான், அப்புறம் மறந்துருவான், கொணம் மட்டும் நிக்கும்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"நீ வந்த மூணாம் நாளு, கெணத்தோரமா உக்காந்து யாருகிட்டயோ மன்னிச்சுருன்னு சொல்லிட்டு இருந்தே. ஒன்றரை மணி நேரம். நான் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால நின்னு கேட்டுட்டு இருந்தேன். அப்பவே வந்து சொல்லியிருக்கோணும். சொன்னாப் பழையபடி ஆயிருவயோன்னு வாயத் தெறக்கல. அடுத்த வருசம் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் கல்யாணம் முடியட்டும்னு நெனச்சேன். நீ மீட்புப் படையில சேந்த பெறகு தூக்கமே போச்சு. நீ வெள்ளத்துல எறங்கறதை டிவியில காட்டுவான். இல்லாத ஒருத்தனுக்காக என்ற பையன் குதிக்கறான், குதிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நானுன்னு தோணும். செத்துப்போயிட்டயின்னா, கொன்னது நான்தானே?"

சேரலாதன் கேட்க வந்த கேள்விகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. அவனுடைய குற்றம் ஒரு தாளில் யாரோ எழுதியது. இந்த மனிதருடைய குற்றம் உண்மையிலேயே நடந்தது. அதை அவர் முப்பத்தோரு வருடம் தனியாகச் சுமந்திருக்கிறார்.

"அப்பா, அந்த வெள்ளிங்கிரி பொய்தான். ஆனா நான் தூக்குன அறுபத்துநாலு பேரும் நெசம். அதுல ஒருத்தி போன வாரம் கொழந்தையத் தூக்கிட்டு வந்து காட்டிட்டுப் போனா."

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். "அதை எடுத்துப்போட்டாங்களா?"

"இல்லீங்கப்பா. எடுக்கறதாச் சொன்னாங்க. பொய்யின்னு தெரிஞ்சதுக்கப்புறம் வலி இல்ல. இருந்துட்டுப் போகட்டும்."

"எனக்கு எடுக்க மாட்டாங்களா? கேட்டுப் பாத்தயா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

"அவங்க நட்டதைத்தானுங்கப்பா அவங்களால புடுங்க முடியும்."

செல்லமுத்து தலையை மட்டும் ஆட்டினார். அவனிடம் எதையும் கேட்கத் துணியாமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகத் தான் வெள்ளிங்கிரியிடம் கேட்க நினைத்த மன்னிப்பு இப்போது தன்னிடம் கேட்கப்படுகிறது என்பது அவனுக்குப் புரிந்தது. கொடுக்க முடியுமா என்று தனக்குள் பார்த்தான். கோபம் இருந்தது. ஆனால் வழியில் தோன்றிய அளவுக்கு இல்லை. அவன் கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"எனக்குக் கோவம் இருக்குதுங்கப்பா. கொஞ்ச நாள் இருக்கும். ஆனா நீங்க இதைச் சொமந்தது போதும். விட்டுருங்க."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு இரண்டு மூன்று முறை குலுங்கி அடங்கியது. அப்புறம் முகத்தைத் துடைத்துவிட்டு, ரசம் மட்டும்தான் இருக்கிறது, அப்பளம் வேண்டுமானால் பொரிக்கிறேன் என்று எழுந்தார். இருவரும் சாப்பிட்டார்கள். அவர் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். சாப்பிட்ட கை காய்வதற்குள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. பிற்பகல் வெளிச்சம் சன்னல் வழியாக அவர் முகத்தில் விழுந்தது. அவன் எழுந்து சத்தமில்லாமல் சன்னல் கதவைச் சாத்தினான்.