வெண்முடியின் அசதி

சபாபதி நாலாம் மேட்டில் கால் வைத்ததும், அடிவாரக் கூடத்தில் உட்கார்ந்திருந்த வேலாத்தாளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

"அட, மெல்லப் போங்களேன் சாமி!" என்று முனகினாள். மேலே போகிறவருக்கு அது எங்கே கேட்கும்?

அசதிமாற்றிக் கருவி வந்தபிறகு எட்டாயிரம் அடி வெண்முடியை யாரும் களைத்து ஏறுவதில்லை. ஏறுகிறவர் கையில் ஒரு பட்டை, கீழே இருக்கும் தாங்கியின் கையில் ஒரு பட்டை. நரம்பில் கிளம்பும் அசதியை அங்கே உருவி இங்கே இறக்கிவிடும். மனசின் கனமும் கொஞ்சம் கூடவே வரும். அதை யாரும் சொல்லித் தொலைப்பதில்லை. ஒன்பது வருடத் தாங்கியான வேலாத்தாள் உச்சியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அந்த உச்சியில் சாமிக்குத் தேங்காய், கற்பூரம் எதுவும் கிடையாது. ஏறிய களைப்பில் பாறைமேல் சாய்ந்து கண் அசந்தால், கேட்டதற்குக் கனவில் பதில் வரும். சபாபதி கேட்கப் போனது ஒன்றுதான். நாலு மாதமாக மூச்சுப்பொறியில் கிடக்கும் மனைவியை விட்டுவிடலாமா, வேண்டாமா? மாலை ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாக வேண்டும்.

அவர் கடைசி மேட்டைத் தாண்டியபோது வேலாத்தாளின் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆயிற்று. நாற்காலியிலேயே அசந்துபோனாள்.

ஏறுவதுதான் காலால், இறங்கக் கம்பித்தேர் உண்டு. நாலரை மணிக்குச் சபாபதி எதிரே வந்து நின்றார். முகத்தில் சோர்வின் சாயல்கூட இல்லை.

"பொரண்டு பொரண்டு படுத்தேன் அம்மிணி. தூக்கமே வரலை. இப்ப நான் என்ன சொல்லட்டும்?"

வேலாத்தாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லாமல் விட மனசு கேட்கவில்லை.

"எனக்குக் கனவு வந்துச்சுங்க. ஒரு அம்மா கட்டில்ல உக்காந்து கொலுசு கழட்டிட்டிருந்தாங்க. ஒண்ணு வந்துருச்சு, ஒண்ணு வரலை. 'கை ஓயுது, நீங்களே கழட்டி உடுங்க'ன்னாங்க."

"எடது காலுங்களா?"

"ஆமாங்க."

"அந்தத் திருகு அவளுக்கு வராது. எப்பவும் நான்தான் கழட்டுவேன்" என்றார். பிறகு கைப்பேசியை எடுத்தார்.

"ஏறி எறங்கியாச்சில்லீங்க, பட்டையக் கழட்டிருங்க சாமி. எனக்கு முடியலை."

அவர் பட்டையை மற்றொரு கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.

"அஞ்சே நிமிசம் அம்மிணி. பேசி முடிச்சுக்கிறேன்."

ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நிதானமாகப் பேசினார். மனைவியின் பெயரைத் தெளிவாகச் சொன்னார், குரல் உடையவில்லை. நாற்காலியில் வேலாத்தாள்தான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, பெயர் தெரிந்து ஒரு நிமிடம்கூட ஆகாத அந்தப் பெண்ணுக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.