கலையாத பெரட்டு

கப்பல் கரைக்கு வரவில்லை. போர்ட்டிக்சன் கடலில் தள்ளி நின்றுகொண்டு, ஆட்களைச் சின்னப் படகுகளில் ஏற்றிக் கரையில் கொட்டியது. அந்தக் கூட்டத்தில் பிரேமநாதனும் ஒருவர். ஆனால் கூட்டத்தில் ஒருவர் என்று அவரிடம் சொல்லிவிட முடியாது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் குளிர் அறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் கப்பல் அட்டை. பிறந்த நாட்டின் கரையிலேயே வெளிநாட்டுத் துரை மாதிரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார்.

"இதுவும் ஒரு துறைமுகமே? ஒரே மீன் நாத்தம்."

"தோட்டம் பாக்கவேணும் எண்டு பேர் குடுத்தது நீங்கள்தானே. இப்ப மூக்கைப் பொத்தி என்ன செய்யிறது?" என்றாள் மனைவி அன்னபூரணம். நாற்பது வருடமாக அவருக்கு வெட்டி வெட்டிப் பதில் சொல்லியே பழகிய வாய்.

பேர் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. லிங்கி ஊருக்கு அந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவருடைய பாட்டன் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். விடியற்காலையில் பெரட்டு, அதாவது களத்தில் கூலிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் வேலை. பாட்டனின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடவேண்டும். பிரேமநாதனுக்குத் தோட்டம் என்றால் அவ்வளவுதான்.

பஸ் செம்பனைத் தோப்புகளுக்குள் வெகுநேரம் ஓடியது. முடிவில் கொஞ்சம் பழைய ரப்பர் மரங்கள். கப்பலில் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வெட்டாமல் விட்டவை. வானம் கறுத்துக் கிடந்தது. பகல் மூன்று மணிக்கே மரத்தடியில் இருட்டு.

திலகா என்றொருத்தி பால்மரம் வெட்டி, பட்டையைக் கீறிப் பால் வடித்துக் காட்டினாள். மற்ற நாட்களில் ரெம்பா ஊரில் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். கப்பல் வரும் நாளில் மட்டும் தலைத்துண்டு கட்டிக்கொண்டு இங்கே வருவாள். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். பிரேமநாதன் தட்டவில்லை. கூலிக்காரி கூலிவேலை செய்வதற்குக் கைதட்டு எதற்கு?

பெரட்டுக் களத்தின் ஓரத்தில் பழைய ஆபீஸ். உள்ளே நாற்காலி, மேசை, மேசைமேல் தடித்த பேர்ப் புத்தகம்.

"உக்காந்து போட்டோ எடுத்துக்கலாம் அங்கிள். புத்தகத்தையும் பாக்கலாம். பேரை மட்டும் வாய்விட்டுப் படிக்காதீங்க" என்றாள் திலகா.

அங்கிள் என்றதே அவருக்கு எரிந்தது. "ஏன், படிச்சா என்ன? பேய் வருமோ?"

"ஜப்பான்காரன் காலத்துல ஒருநாள் காலையில பெரட்டுக்கு வந்தவங்க, இந்தக் கடைசிப் பக்கத்துல இருக்கிறவங்க. இருபத்தேழு பேரு. பேரு கூப்பிட்ட கையோட லோரியில ஏத்தி சயாமுக்கு, ரயில் பாதை போட அனுப்பிட்டாங்க. சாயங்காலம் திரும்ப ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி 'வீட்டுக்குப் போ'ன்னு அனுப்பணும்ல? அன்னிக்கு யாரும் அனுப்பல."

"கூப்பிட்டது என்ர பாட்டன்" என்றார் பிரேமநாதன், ஏதோ விருது வாங்கியவர் போல.

திலகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்காகவே அவர் நாற்காலியில் சாய்ந்து, புத்தகத்தை விரித்து, மூக்கால் பேசிப் படிக்க ஆரம்பித்தார். அன்னபூரணம் கைப்பேசியில் வீடியோ பிடித்தாள்.

"சன்னாசி! முத்தாயி! மங்கம்மா! என்ன பேரப்பா இதெல்லாம்..."

ஒவ்வொரு பேரையும் இழுத்து, கோணலாக்கி, இருபத்தேழையும் படித்து முடித்தார். பஸ்ஸில் வந்த நாலு பேர் புரியாமலே சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியது.

சருகு நொறுங்கியது. ஒரு கால் அல்ல. பல கால்கள், வெறுங்கால்கள், மரங்களுக்கு நடுவிலிருந்து அவசரமில்லாமல் வந்து களத்தில் நின்ற சத்தம்.

களத்தில் யாரும் இல்லை.

புளித்த ரப்பர்ப்பால் வாடை கதவு வழியாக உள்ளே வந்தது.

"வந்துட்டேன் ஐயா" என்றது ஓர் ஆண் குரல். பிறகு ஒரு பெண் குரல். பிறகு இன்னொன்று.

பிரேமநாதன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஆனாலும் வாய் அடங்குமா? "ஸ்பீக்கர் ஒளிச்சு வச்சிருக்கினம். மலிவு வேலை" என்றார்.

"ஸ்பீக்கர் இல்ல அங்கிள்." திலகாவின் உதடு வெளுத்திருந்தது. "இப்பவே அனுப்பிடுங்க. ஒவ்வொரு பேரா சொல்லி, 'வீட்டுக்குப் போ'ன்னு சொல்லுங்க. கூப்பிட்ட வாய்தான் அனுப்பணும். பத்து நிமிசம்தான்லா."

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. கடைசிப் படகு ஐந்தரைக்கு.

"இஞ்ச, சொல்லிவிட்டு வாருங்கோவன்" என்றாள் அன்னபூரணம் மெல்ல. "எனக்கு நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்குது."

"கூலிகளுக்கு முன்னால கைகட்டி நிக்கச் சொல்லுறீரோ?"

"கைகட்ட வேணாம். பேரு சொன்னா போதும்" என்றாள் திலகா. "பெரட்டு கலையாம போனா வரிசை உங்க பின்னாலயே வரும். கலையுற வரைக்கும் உங்க வாயால யார் பேரு வந்தாலும் அந்த ஆளு வரிசையில நின்னாகணும். அதான் பெரட்டு. உங்க வீட்டாளா இருந்தாலும் சரி."

"போம், போம்" என்று புத்தகத்தை மூடித் தள்ளிவிட்டுப் பஸ் ஏறினார் பிரேமநாதன்.

பஸ் கனத்தது. ஏற்றத்தில் டிரைவர் கியரைக் குறைத்துக் குறைத்து முணுமுணுத்தான். படகில் ஏறியபோது அது தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்தது. படகுக்காரன் தலைகளை இரண்டு தரம் எண்ணிப் பார்த்து, தலையைச் சொறிந்தான். அன்னபூரணம் வழியெல்லாம் பேசவில்லை. அவள் பேசாதிருப்பதுதான் பிரேமநாதனுக்கு முதல்முதலாக உறைத்தது.

கப்பல் அறைக்கு வந்ததும் அவள் தேநீர் வாங்கி வருகிறேன் என்று போனாள். ஜன்னலில் கடல் இன்னும் சிவப்பாக இருந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். அறை துடைக்கும் பிலிப்பினோ பையன்.

"சார், உங்கள் ஆட்கள் வெளியே நிற்கிறார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கம்பளமெல்லாம் சேறு."

"எனக்கு இங்க ஆக்கள் இல்லை!"

அவன் வரிசையைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, ஒதுங்கி வழிவிட்டு நடந்து போனான்.

பிரேமநாதன் எட்டிப் பார்த்தார். நீண்ட நடைக்கூடம். ஆள் இல்லை. கம்பளத்தில் சோடி சோடியாகச் சேற்றுப் பாதங்கள். அத்தனை விரல்களும் அவர் கதவைப் பார்த்திருந்தன.

அந்த வாடை.

"போங்கோ" என்றார். "எல்லாரும் வீட்டை போங்கோ."

ஒரு பாதமும் அசையவில்லை.

பேர் சொல்லவேண்டும். அவர் யோசித்தார். ஏதோ சாமி... ஏதோ ஆயி... பொறுக்கிப் பொறுக்கிக் கிண்டல் செய்த பேர்களில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. முப்பத்தைந்து வருடம் ஆயிரம் வாடிக்கையாளர் பேரை நினைவில் வைத்திருந்த மூளை. கூலிகளின் பேர் அதில் ஒட்டவே இல்லை.

முதல் வரிசை ஓரடி முன்னால் வந்தது. கம்பளத்தில் புதிய சேறு.

வீடியோ! அவள் பிடித்த வீடியோவில் இருபத்தேழு பேர்களும் இருக்கின்றன. அதைப் பார்த்துச் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். நடைக்கூடத்தின் கோடியில் லிப்ட் திறக்கும் ஓசை கேட்டது. தேநீர்க் கோப்பை கிணுங்கியது. அவள்தான்.

"அன்னபூரணம்!" என்று கத்தினார். "கெதியா அந்த ஃபோனைக் கொண்டு வாரும்!"

கோப்பை விழுந்து உடைந்தது.

வரிசையின் கடைசியில், மெதுவாக, இன்னொரு சோடிப் பாதம் பதிந்தது. சின்னப் பாதம். வெறுங்கால்.

நாற்பது வருடத்தில் ஒருநாளும் அவரிடம் பணிந்து பேசாத அதே குரல், தோட்டத்துத் தமிழில், தணிந்து சொன்னது:

"வந்துட்டேன் ஐயா."