பதிப்பு பொருந்தவில்லை

விதின் ஊரின் கலாச்சார மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. டான்யூப் ஆற்றின் ஈரம் மேடைத் திரையில் ஏறி, நனைந்த நாய் மாதிரி நாறிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குக் கச்சேரி. எங்கள் பாடகி ராலித்சாவுக்கு வலது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த இடது காதை வைத்துத்தான் இத்தனை பெயர் வாங்கியிருந்தாள்.

ஒலிகளைக் கலந்து அனுப்பும் எங்கள் மிக்ஸரில் திருக ஒரு குமிழ்கூடக் கிடையாது. மேடை ஓரத்தில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதை ஆட்டிவைப்பது என் கையிலிருக்கும் டேப்லெட். போன குளிர்காலம் வரை அந்த வேலை வெல்கோ அண்ணனுடையது. அவரிடம் இருந்தது பத்து வருடப் பழைய டேப்லெட். புதிய செயலி அதில் ஏறாது. மிக்ஸரைப் புதுப்பித்தால் பழைய செயலி அதோடு பேசாது. அதனால் மிக்ஸரைத் தொடவே விடமாட்டார். "நான் இருக்கறவரைக்கும் அப்டேட் கிடையாது" என்பார்.

ஒருநாள் ஒத்திகையின் நடுவே, அவருக்குத் தெரியாமல் புதுப்பித்தோம். யோசனை ராலித்சாவுடையது. பொத்தானை அழுத்தியது நான்.

"வெல்கோ அண்ணே, என் குரல் காதுல விழவே இல்ல. ஏத்துங்க!"

அவர் ஏற்றினார். திரையில் 'பதிப்பு பொருந்தவில்லை' என்று வந்தது. மறுபடி ஏற்றினார். கீபோர்டு பிளாமென் சவ ஊர்வல இசை வாசித்தான். எல்லோரும் சிரித்தோம்.

"உங்களுக்கே புது வெர்ஷன் வராதாண்ணே?" என்றாள் ராலித்சா.

இருபது நிமிடம் அழுத்திப் பார்த்துவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. சவப்பெட்டிக்குள் அவர் மனைவி மூக்குக்கண்ணாடி, சிகரெட், டேப்லெட் மூன்றையும் வைத்தாள். கால்மாட்டைத் தூக்கியவன் நான். கனம் அதிகம் என்று முணுமுணுத்ததாக ஞாபகம்.

இன்று ராலித்சா காதுக்கருவிகளை மாட்டினாள். இரண்டும் காதுக்கு அச்செடுத்துச் செய்தவை. மாட்டிவிட்டால் பக்கத்தில் குண்டு வெடித்தாலும் கேட்காது. மிக்ஸர் அனுப்புவது மட்டும்தான் கேட்கும்.

"லியூபென், என் குரலக் கொஞ்சம் ஏத்துடா. செத்தவன் மாதிரி நிக்காத."

அவள் குரலின் அளவை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் திரையில் மேலே தள்ளினேன். அது இன்னும் அரைப் புள்ளி ஏறியது.

நான் விரலை எடுத்துவிட்டிருந்தேன்.

இறக்கினேன். ஏறியது.

இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்தேன். இரண்டு பெயர்கள். ஒன்று என்னுடையது.

இன்னொன்று வெல்கோ.

பக்கத்தில் சிவப்பு எழுத்தில், பதிப்பு பொருந்தவில்லை. அதன் கீழே பச்சை எழுத்தில், இணைப்பு நன்றாக உள்ளது.

"பிளாமென்..." என்றேன். "நம்மளத் தவிர வேற யாராவது இதுக்குள்ள இருக்காங்களா?"

"நீ இருக்கியே, ஒரு முட்டாள் போதாதா?"

புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனை வந்தது.

அரைப் புள்ளி, அரைப் புள்ளியாக ஃபேடர் ஏறியது. எந்த அவசரமும் இல்லை, நல்ல தொழில்காரர். சத்தத்தை மட்டுப்படுத்தும் பூட்டும் தானாகத் திறந்துகொண்டது.

ராலித்சா இன்னும் பாடத் தொடங்காததால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

"கழட்டு!" என்று கத்தினேன். அவள் காதில் அது எப்படி விழும்? பதறிப்போய் என் காதைத் தொட்டு, கையை மேலே வீசிக் காட்டினேன். எங்கள் தொழிலில் அதற்கு 'இன்னும் ஏற்றவா?' என்று பொருள்.

அவள் சிரித்தபடி கட்டைவிரலை உயர்த்தினாள்.

ஃபேடர் உச்சிக்குப் போனது.

பெட்டியின் மின்கம்பியை நோக்கி ஓடினேன். அவள் மூச்சை இழுத்தாள். நான் கம்பியைப் பிடுங்கியபோது முதல் சுரம் முடிந்திருந்தது.

பெட்டி அணைந்தது. காதுக்கருவிகள் தரையில் கிடந்தன. ராலித்சா அலறிக்கொண்டே இருந்தாள். இடது காதிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கழுத்துக்கு இறங்கியது.

மருத்துவமனையில் ஆறு மணிக்கு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ராலித்சா எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்டா யாரும் பேச மாட்டேங்கறீங்க?" என்று வார்டே அதிரக் கேட்டாள்.

"பேசிட்டுத்தான்டி இருக்கோம்" என்றான் பிளாமென், சுவரைப் பார்த்து.

நான் வராந்தாவுக்கு வந்து டேப்லெட்டைத் திறந்தேன். மிக்ஸர் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், மின்சாரம் இல்லாமல் கிடந்தது. செயலி 'இணைந்தது' என்றது. திரையில் ஒரே ஒரு ஃபேடர். அதன் மேல் என் பெயர். நான் பாடுபவனும் இல்லை, காதில் எதையும் மாட்டுபவனும் இல்லை.

அரைப் புள்ளி ஏறியது.

வராந்தாக் கோடியில் நடந்த நர்சின் காலடி என் மண்டைக்குள் விழுந்தது. அடுத்து யாரோ எங்கோ போர்வையை இழுக்கும் சத்தம். அடுத்து என் இமைகள் மூடித் திறக்கும் சத்தம்.

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

ஃபேடர் இன்னும் பாதிகூட ஏறியிருக்கவில்லை.